நெல்லிக்கனியும் கடுக்காயும்

பாரிஸ் நகரின் வடக்குப் பக்கத்தில், லா சப்பல் கடைத்தெருவுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், நாங்கள் நாலு பேர் ஒரு அறையில் இருக்கிறோம். நாலு பேரும் றெஸ்ரோறன்ற் குசினிகளில் வேலை செய்கிறவர்கள். எங்களுக்குள் மூத்தவரை மாஸ்ரர் என்று கூப்பிடுவோம். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே பதினெட்டு வருடமாக இறைச்சி வெட்டுகிறார். எங்கள் பிறிஜ்ஜுக்கு மேலே எட்டு மாதமாக ஒரு போத்தல் இருந்தது. அது முடிய இன்னொன்று வரும். கடும் ஊதா நிறச் சாறு. ஒரு போத்தல் 42 யூரோ, மாதத்துக்கு நாலு போத்தல். அபூர்வமான வெப்பவலயப் பழங்கள், ஐயாயிரம் வருடப் பாரம்பரிய மருத்துவம், அன்ரிஒக்ஸிடன்ற் நிறைந்தது என்றெல்லாம் அதன் மேல் எழுதியிருந்தது.

கொண்டுவந்து தந்தவர் வேற்று மனிதர் அல்ல, எங்கட ஊர்ப் பக்கத்துப் பெடியன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபமொன்றில் கூட்டம் வைத்தார்கள். தேநீரும் வடையும் தந்தார்கள். சலரோகம், இரத்த அழுத்தம், முழங்கால் நோ, நித்திரையின்மை எல்லாவற்றுக்கும் இது நல்லது என்றார்கள். மூன்றாம் கிழமை மாஸ்ரர் தன் சலரோகக் குளிசைகளை நிறுத்திவிட்டார். நாங்கள் கேட்டபோது, "பழச்சாறு தானே தம்பியவை, கெடுதி ஒண்டும் செய்யாது. எங்கட ஆக்கள் காலம் காலமாய்ச் சாப்பிட்டதுதானே" என்றார். நாங்களும் பேசாமல் விட்டோம். அந்த எட்டு மாதத்தின் முடிவில் அவர் வைத்தியசாலையில் இருந்தார். ஈரச் சப்பாத்துக்குள் கிடந்த ஒரு சின்னப் புண், அவருக்கு நோவே தெரியாமல் எலும்புவரை போயிருந்தது. இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அவர் அறைக்குத் திரும்பிய கிழமைதான் போத்தலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை நாங்கள் வாசித்தோம். எடை கூடிய பொருளை முதலில் எழுதவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். முதலாவதாக இருந்தது திராட்சைச் சாறு. இரண்டாவது அப்பிள் சாறு. அதற்குப் பிறகுதான் மங்குஸ்தான், மாதுளை, சீனத்துக் கோஜி. ஏழாவது இடத்தில் "அம்லா" என்று ஒரு சொல். மாஸ்ரர் கேட்டார், "அம்லா எண்டால் என்ன தம்பி?" நெல்லிக்காய் என்று சொன்னோம். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்களால் மறக்க முடியவில்லை.

நாங்கள் படித்த இரசாயனம் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. 2009இல் அது நின்றது எப்படி என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இருந்தாலும், அந்தப் போத்தலில் எழுதியிருந்த ஐயாயிரம் வருடம் என்ற வார்த்தை எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. அது முழுப் பொய்யென்றால் எறிந்துவிட்டுப் போகலாம். ஆனால் நெல்லியும் கடுக்காயும் மருந்தாக இருந்தது பொய்யல்ல. அந்தக் காய்கள் எங்கள் நாடுகளிலிருந்து உலகமெல்லாம் போன கதை மிக நீண்டது. அந்தக் கதையைத் தெரிந்து வைத்திருந்தால் மாஸ்ரரை இலேசில் ஏமாற்றியிருக்க முடியாது என்று எங்களுக்குப் படுகிறது. ஆகவே அதை எழுதுகிறோம்.

*

நெல்லி, கடுக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தது திரிபலை. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இதற்கு இடமுண்டு. சிங்கள வைத்தியத்தில் அதே மூன்றும் அரளு, புளு, நெல்லி என்று வரும். நெல்லி என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது. எங்கள் வீட்டு அம்மம்மாமாரிடம் கடுக்காய் எப்போதும் இருக்கும். வாய்ப்புண்ணுக்கு உரைத்துப் பூசுவார்கள், மலச்சிக்கலுக்கு இரவில் தருவார்கள். கடுக்காயின் கொட்டையை நீக்கவேண்டும், இஞ்சியின் தோலை நீக்கவேண்டும் என்பது அவர்களுக்குப் பாடம். அதாவது எதை எடுப்பது, எதை எறிவது, எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்ற அறிவும் மருந்தோடு சேர்ந்தே இருந்தது.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். புறநானூற்றின் 91ஆம் பாடல் அந்தக் கொடையைப் பற்றியது. பௌத்தர்களிடம் இன்னொரு கதை இருக்கிறது. அசோகச் சக்கரவர்த்தியின் கடைசி நாட்களில் மந்திரிமார் அவனது கையைக் கட்டிவிட, அவனிடம் மிஞ்சியது பாதி நெல்லிக்கனி மட்டுந்தான். அதையும் அவன் பௌத்த சங்கத்துக்குக் கொடுத்தான் என்று அசோகாவதானம் சொல்கிறது. திபெத்தில் மருத்துவப் புத்தரின் கையில் இருப்பது கடுக்காய்க் கொப்பு. வடஇந்தியக் கோயில்களின் சிகரத்தில் விளிம்பு பள்ளம்பள்ளமாக அமைந்த வட்டக் கல்லுக்கு ஆமலகம் என்று பேர். ஆமலகம் என்றால் நெல்லி. ஆகவே இந்தக் காய்களுக்கு எங்கள் பக்கத்தில் இருந்த மதிப்பு சாதாரணமானதல்ல.

மேற்கே போனவையும் இந்தக் காய்கள்தான். பாரசீகரும் அராபியரும் இவற்றை ஹலீலஜ், பலீலஜ், அம்லஜ் என்று அழைத்தார்கள். திரிபலை என்ற சொல் அவர்களது மருத்துவத்தில் இத்ரிஃபல் ஆனது. யூனானி வைத்தியர்கள் இன்றைக்கும் அந்தப் பேரில் லேகியம் செய்கிறார்கள். இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலில் ஹலீலஜ் உண்டு. இந்தியாவோடு வாணிபம் செய்த யூத வணிகர்கள் பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் எழுதிய கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூதக் கோயிலொன்றின் அறையில் கிடைத்தன. அவர்கள் ஏற்றி இறக்கிய சரக்குகளில் மிளகோடும் ஏலத்தோடும் இந்தக் காய்களும் இருக்கின்றன.

அங்கிருந்து ஐரோப்பாவுக்கு வந்தபோது பேரில் ஒரு பிழை நேர்ந்தது. கிரேக்கரிடம் மிரோபலனொஸ் என்று ஒரு சொல் இருந்தது. அது எங்கள் முருங்கைக்கு உறவான வேறொரு மரத்தின், எண்ணெய் எடுக்கும் விதையைக் குறித்தது. அந்தச் சொல்லை எடுத்து எங்கள் காய்களின் மேல் ஒட்டிவிட்டார்கள். ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ஐந்து வகை மிரோபலன்கள் பல நூற்றாண்டுகளாக இருந்தன. நெல்லி ஒன்று, தான்றி ஒன்று. மற்ற மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறு பருவத்தில் பறித்த கடுக்காய்தான் என்று இன்றைய தாவரவியலாளர் சொல்கிறார்கள். கடுக்காயின் விஞ்ஞானப் பேரில் உள்ள செபுலா என்ற சொல் காபூலைக் குறிப்பது. அந்தக் காய் காபூலிலிருந்து வந்ததல்ல, காபூல் வழியாக வந்தது. கடைசியாக எந்த ஊர் வழியே வந்தாயோ அந்த ஊர்க் கணக்கில் உன்னைப் போடுவது ஐரோப்பாவின் பழைய வழக்கம் போலிருக்கிறது. அகதி விண்ணப்பம் கொடுத்த எங்களுக்கு அது விளங்கும்.

*

இந்தப் பிழைகளைத் திருத்த முயன்ற ஒரு மனிதரைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். பேர் கார்சியா த ஓர்த்தா. 1492இல் ஸ்பானியாவிலிருந்து துரத்தப்பட்ட யூதக் குடும்பத்தின் பிள்ளை. பெற்றோர் போர்த்துக்கலுக்கு ஓடிவந்து, அங்கேயும் வற்புறுத்தலால் கிறிஸ்தவராக்கப்பட்டவர்கள். ஓர்த்தா மருத்துவம் படித்தார், லிஸ்பனில் கற்பித்தார், 1534இல் கப்பலேறிக் கோவாவுக்குப் போய்விட்டார். போனவர் திரும்பவேயில்லை. முப்பது வருடமளவில் அங்கே வைத்தியம் பார்த்தார். இந்து வைத்தியர்களிடமும் முஸ்லிம் ஹக்கீம்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதிய நூலை 1563இல் கோவாவிலேயே அச்சிட்டார். நூல் முழுவதும் இரண்டு பேரின் உரையாடலாக இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து புத்தக அறிவோடு வருகிற றுவானோ என்ற கற்பனைப் பாத்திரம் கேட்கும். ஓர்த்தா மறுமொழி சொல்வார். அதில் ஒரு உரையாடல் மிரோபலன்கள் பற்றியது. இவை ஒரே மரத்தின் காய்கள் அல்ல என்று அவர் வாதிட்டார். அவர் சொன்னதெல்லாம் சரியென்று இல்லை. ஐந்தும் ஐந்து மரம் என்று நினைத்தது பிழை. ஆனால் ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்கள் காய்ந்த சரக்கை மட்டும் கண்டு எழுதியபோது, இவர் மரத்தடிக்குப் போய்க் கேட்டவர்.

1567இல் அந்த நூலின் சுருக்கம் இலத்தீன் மொழியில் அன்ற்வேர்ப் நகரில் வெளிவந்தது. ஐரோப்பா முழுவதும் வாசித்தது. அடுத்த வருடம், 1568இல், ஓர்த்தா இறந்தார். கோவாவில் 1560இலேயே திருச்சபையின் விசாரணை மன்றம் வந்துவிட்டிருந்தது. 1569இல் அவரது சகோதரி கத்தரீனாவை யூத மதத்தை இரகசியமாகக் கைக்கொண்டவர் என்று உயிரோடு எரித்தார்கள். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். அவரது புத்தகம் மட்டும் எரியவில்லை. எங்கள் நெல்லியையும் கடுக்காயையும் பற்றி ஐரோப்பாவுக்குச் சரியாகச் சொல்ல முயன்றவர் ஒரு அகதி என்பது எங்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் ஆறுதல்.

அவருக்குப் பின் ஒரு நூறு வருடம் கழித்து, கொச்சியில் இருந்த ஒல்லாந்தத் தளபதி வான் ரீட் மலபாரின் செடிகொடிகளைப் பற்றிய 12 தொகுதிகளை உருவாக்கினான். அவை 1678 முதல் 1693 வரை வெளிவந்தன. அதில் நெல்லியும் இருக்கிறது. அதன் அறிவில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவரது சாட்சியுரை மலையாள எழுத்தில் நூலின் முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. பின்னாளில் லினேயஸ் 1753இல் நெல்லிக்கு வைத்த விஞ்ஞானப் பேரில் எம்பிளிக்கா என்ற சொல் வந்தது. ஆமலகம் அராபியரிடம் அம்லஜ் ஆகி, இலத்தீனில் எம்பிளிக்கா ஆனது.

போர்த்துக்கேயர் எங்களிடமிருந்து கொண்டுபோனது மட்டுமல்ல, கொண்டுவந்ததும் உண்டு. அன்னாசி, பப்பாசி, கொய்யா, மரமுந்திரிகை எல்லாம் அமெரிக்காவில் பிறந்து அவர்களது கப்பலில் வந்தவை. குசினி என்ற எங்கள் சொல்லே அவர்களுடையது. அந்தப் பழங்களை எங்கள் ஆட்கள் அதிசயமென்று போத்தலில் அடைக்கவில்லை. கொல்லையில் நட்டார்கள், இரண்டு மூன்று தலைமுறைக்குள் அவை ஊர்ப்பழமாகிவிட்டன. இங்கே லா சப்பலில் எங்கள் கடைகளின் பலகையிலேயே எக்ஸோத்திக் பொருட்கள் என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். வெளியிலிருந்து வந்தது என்பதுதான் அந்தக் கிரேக்கச் சொல்லின் மூலப்பொருள். முருங்கைக்காயும் நெல்லிக்காயும் எக்ஸோத்திக், அவற்றை நிறுத்துக் கொடுக்கிற நாங்களும் எக்ஸோத்திக்.

*

பழம் உண்மையில் உயிர் காத்த கதை கடலில் நடந்தது. 1497இல் புறப்பட்ட வாஸ்கோ த காமாவின் மாலுமிகளுக்கு முரசு வீங்கி, பல் ஆடி, கால் கறுத்தது. கிழக்காபிரிக்கக் கரையில் கிடைத்த தோடம்பழங்களைத் தின்றவர்கள் தேறினார்கள். இது ஸ்கர்வி என்ற நோய். 1747இல் ஜேம்ஸ் லின்ட் என்ற பிரித்தானியக் கடற்படை வைத்தியர் சோல்ஸ்பரி என்ற கப்பலில் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேரும் விரைவில் எழுந்துவிட்டார்கள். சரியாக ஒப்பிட்டுச் சோதித்த மருத்துவப் பரிசோதனைகளில் இதுவே முதலாவதென்று பலர் சொல்கிறார்கள்.

இதன் பின்பகுதியைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். பழம் கப்பலில் பழுதாகும் என்பதால், சாற்றைக் காய்ச்சி இறுக்கிப் போத்தலில் அடைக்கலாம் என்று லின்டே யோசனை சொன்னார். காய்ச்சியதில் மருந்து போய்விட்டது. அது என்னவென்று அவருக்குத் தெரிய வழியில்லை. 1795இல் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியபின் நோய் குறைந்தது. பின்னர் 1860கள் முதல் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்ச் சாற்றுக்கு மாறினார்கள். அதில் சத்துக் குறைவு. ஆலையில் இயந்திரக் குழாய்களுக்குள்ளால் வந்து போத்தலில் கிடந்ததில் மிச்சமும் போனது. 1875இல் வடதுருவம் போன பிரித்தானியக் கப்பல்களில் சாறு குடித்தவர்களுக்கே ஸ்கர்வி வந்தது. பழத்தின் பேர் போத்தலில் இருந்தது, பழத்தின் சத்து இல்லை.

இதே காலத்தில் கடுக்காய்க்கு நேர்ந்தது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மருந்துக் கடைகளில் மிரோபலனுக்கு மவுசு போய்விட்டது. ஆனால் கடுக்காயின் காய்ந்த தசையில் மூன்றிலொரு பங்கு வரை தனின் இருக்கிறது. வாயை இழுக்கிற துவர்ப்பு அதுதான். அது தோலைப் பதனிட உதவும். ஆகவே சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் மூட்டை மூட்டையாக இங்கிலாந்துத் தோல் தொழிற்சாலைகளுக்கு அது போனது. சென்னை மாகாணத்திலேயே ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலுக்குக் கடைசிக் கை கடுக்காய்தான். சோழமண்டலக் கரையில் சித்திரத் துணி எழுதியவர்கள் அதற்கு நெடுநாள் முன்பே துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்த்தெடுத்தார்கள். அசோகனின் தானத்தோடும் புத்தரின் கையோடும் சேர்ந்த காய், வெள்ளைக்காரரின் சப்பாத்துக்கு வந்து சேர்ந்தது.

*

இருபதாம் நூற்றாண்டில் நெல்லிக்கு மறுபடி மதிப்பு வந்தது. ஹங்கேரியைச் சேர்ந்த சென்ற் ஜோர்ஜி 1928இல் ஒரு அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1932இல் அதுவே ஸ்கர்வியைத் தடுக்கும் விற்றமின் சி என்று தெரிந்தது. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்தப் பழத்தில் அது எவ்வளவு என்று எல்லா நாட்டிலும் அளக்கத் தொடங்கினார்கள். 1936இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தாமோதரன், நாயர் என்ற இருவர் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். நெல்லியில் உள்ள ஒரு தனின், அதிலுள்ள விற்றமின் சி ஒட்சியேற்றத்தால் அழிவதைத் தடுக்கிறது என்பது அதன் சாரம். நெல்லி வற்றலிலும் சத்து ஓரளவு மிஞ்சுவது ஏன் என்பதற்கு அது ஒரு விடை. 1939-40 பஞ்சத்தில் பஞ்சாபின் ஹிசார் மாவட்டத்தில் ஸ்கர்வி பரவியபோது நெல்லித் தூள் கொடுத்துக் கட்டுப்படுத்தினார்கள்.

இந்திய உணவு அட்டவணைகள் நெடுங்காலம் 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் விற்றமின் சி என்று போட்டன. 2017இல் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது 250 அளவுக்கு இறங்கியது. அளக்கும் முறை திருந்தத் திருந்த இலக்கம் குறைந்தது. குறைந்த இலக்கமும் தோடம்பழத்தைப் போல ஐந்து மடங்கு. ஒரு வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 80 மில்லிகிராம் என்று ஐரோப்பாவில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய நெல்லிக்காய் போதும். அதற்கு மேல் விழுங்குவதில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும்.

இனி அன்ரிஒக்ஸிடன்ற் என்ற சொல்லுக்கு வருவோம். குசினியில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அப்பிளை வெட்டி வைத்தால் பழுப்பாகிறது. தேசிக்காய்ப் புளியைத் தடவினால் நிறம் மாறாது. புளிப்பும் அதிலுள்ள விற்றமின் சியும் ஒட்சியேற்றத்தைத் தடுக்கின்றன. எங்கள் உடம்பிலும் ஒட்சிசன் பாவனையில் சில முரட்டுத் துணிக்கைகள் உண்டாகி, கலங்களைச் சேதப்படுத்தும். மூப்புக்கு இவையே காரணம் என்று 1956இல் டென்ஹம் ஹார்மன் என்ற அமெரிக்கர் ஒரு கொள்கையை முன்வைத்தார். அப்படியானால் இவற்றைத் தடுக்கும் பொருளை நிறையச் சாப்பிட்டால் நோயும் மூப்பும் விலகுமே என்று பலரும் எண்ணினார்கள். எண்ணம் நியாயமானது. ஆகவே சோதித்தும் பார்த்தார்கள்.

பின்லாந்தில் புகைப்பழக்கமுள்ள 29,133 ஆண்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 1994இல் வந்தது. கரற்றிலும் பப்பாசியிலும் உள்ள பீற்றா கரற்றினைக் குளிசையாக வருடக்கணக்கில் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்டவர்களிடம் சுவாசப்பைப் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாக வந்தது. அமெரிக்காவில் 18,000க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த இன்னொரு சோதனையும் அதே மாதிரித் தீமையைக் காட்டியதால் 1996 ஜனவரியில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. உடம்பு அந்த முரட்டுத் துணிக்கைகளைக் கிருமிகளைக் கொல்லவும், செய்தி கடத்தவும் பயன்படுத்துகிறது. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அழிப்பது நன்மையல்ல என்று இன்று தெரிகிறது. பழங்களை அன்ரிஒக்ஸிடன்ற் புள்ளி போட்டு வரிசைப்படுத்திய அட்டவணை ஒன்றை அமெரிக்க விவசாயத் திணைக்களம் வைத்திருந்தது. போத்தல் விற்பவர்கள் எல்லாரும் காட்டியது அதைத்தான். சோதனைக் குழாயில் எடுத்த புள்ளிக்கும் மனித உடம்புக்கும் தொடர்பு காட்டமுடியவில்லை என்றும், வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொல்லி 2012இல் அந்தத் திணைக்களமே அதை நீக்கிவிட்டது. கூட்டத்தில் எங்களுக்குக் காட்டியது அந்த நீக்கப்பட்ட இலக்கங்களைத்தான்.

*

அப்படியானால் நெல்லியால் பயனில்லையா? அப்படிச் சொல்ல நாங்கள் வரவில்லை. நெல்லியில் விற்றமின் சி உண்டு, நார்ச்சத்து உண்டு. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய்ச் சம்பல் சேர்த்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். கடுக்காயும் திரிபலையும் மலத்தை இளக்கும். அது எங்கள் அம்மம்மாமாருக்குத் தெரிந்ததுதான். பழமும் மரக்கறியும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இருதய நோய் குறைவு என்பதையும் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நன்மை முழுப் பழத்தால் வருவது; அதிலிருந்து பிரித்த ஒரு பொருளைக் குளிசையாகக் கொடுத்தபோது அது வரவில்லை. நெல்லி இரத்தச் சீனியைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று சிறிய ஆய்வுகள் சில உண்டு. ஆனால் அது குளிசைக்கு மாற்று என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. சலரோகக்காரர் இவற்றை மருந்தாகத் தொடர்ந்து எடுப்பதென்றால் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை எடுப்பவர்கள் கோஜிப் பழத்தில் கவனமாயிருக்கவேண்டும். அதோடு சேர்ந்து இரத்தக் கசிவு ஏற்பட்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் வந்திருக்கின்றன. திராட்சைச் சாறும் அப்பிள் சாறும் சலரோகக்காரருக்குச் சீனித் தண்ணிதான். மாஸ்ரர் எட்டு மாதமாகக் குளிசையை நிறுத்தி, காலையும் மாலையும் அதைத்தான் குடித்தார்.

எங்கள் வைத்திய மரபைப் போத்தல்காரர் காட்டிய விதம்தான் எங்களுக்கு அதிகம் வலிக்கிறது. எங்கள் பரியாரிமார் நாடி பார்த்தார்கள், பத்தியம் சொன்னார்கள், ஆளுக்கு ஆள் அளவை மாற்றினார்கள். கொட்டையை நீக்கச் சொன்னார்கள். எல்லா நோய்க்கும் எல்லாருக்கும் ஒரே சாறு என்று அவர்கள் சொல்லவில்லை. தமிழில் ஒருவரை ஏய்த்துவிட்டுப் போவதைக் கடுக்காய் கொடுப்பது என்பார்கள். எங்களுக்கு எங்கள் நெல்லியையே கடுக்காயாகக் கொடுத்தார்கள். ஊரை இழந்து வந்தவனுக்கு ஊரின் பேரால் எதைக் கொடுத்தாலும் வாங்குவான். இந்த நாட்டு வைத்தியர் பத்து நிமிடத்தில் அந்நிய மொழியில் எழுதித் தருகிற துண்டை விட, மண்டபத்தில் தமிழில் இரண்டு மணித்தியாலம் ஆறுதலாகக் கதைத்தவரை மாஸ்ரர் நம்பினார். அதில் மாஸ்ரரின் பிழை எவ்வளவு, எங்கள் பிழை எவ்வளவு என்று நாங்கள் பல இரவு யோசித்திருக்கிறோம். வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்க்க அவரோடு ஒருநாளாவது நாங்கள் கூடப் போகவில்லை. வேலை என்று சொன்னோம். இப்போது முறை வைத்துப் போகிறோம்.

விற்ற பெடியனை ஒருநாள் லா சப்பலில் கண்டோம். அவனும் எண்ணாயிரம் யூரோ கடன்பட்டு, விற்காத போத்தல்களைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறானாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஏசுவதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை. மாஸ்ரரின் காலைப் பற்றிக் கேட்டான். சொன்னோம்.

மாஸ்ரர் இப்போது குளிசையை ஒழுங்காகப் போடுகிறார், இன்சுலினும் போடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கிறார். இரவில் வேலை முடிந்து வந்தால் அவரது இரண்டு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் யாராவது ஒருவர் பார்ப்போம், அடிப்பாதம் அவருக்குத் தெரியாது என்பதால். போனமாதம் கடையில் நெல்லிக்காய் வந்திருந்தது. கிலோ எட்டு யூரோ. கால் கிலோ வாங்கி உப்போடு வைத்தோம். அவர் ஒன்றைக் கடித்து, முகத்தைச் சுழித்து, தண்ணி குடித்தார். "ஓம், இனிக்குது" என்றார். போத்தலைப் பற்றி யாரும் பேசவில்லை.